கதையை எங்கிருந்து தொடங்குவது? விளையாட்டுக் கதைக்குப் பாட்காஸ்ட் செய்தவர்களும் கேட்டவர்களும்

ஏஆர்ஜி எனப்படும் மாற்று மெய்ம்மை விளையாட்டுகளில் கதை ஒரே இடத்தில் கிடைக்காது. உலகத்தில் இல்லாத ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு துண்டு இருக்கும். கதாபாத்திரம் அனுப்பிய மின்னஞ்சலில் இன்னொன்று. யாரோ ஓர் ஆட்டக்காரருக்கு நள்ளிரவில் வந்த தொலைபேசி அழைப்பில் வேறொன்று. தொடக்கத்திலேயே உள்ளே வந்தவர்களுக்கு எல்லாம் அத்துப்படி. ஒரு மாதம் கழித்து வருகிறவர் "இதுவரை என்னதான் நடந்தது?" என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பக்கம் கைகாட்டுவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எங்கள் குழு பாட்காஸ்ட் ஆரம்பித்தது. எங்களில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

இந்த வேலை ஒன்றும் புதிதல்ல. 2001-இல் 'ஏ.ஐ.' படத்துக்கு விளம்பரமாக மைக்ரோசாஃப்ட் குழு ஒன்று 'தி பீஸ்ட்' என்ற விளையாட்டை நடத்தியது. கிளவுட்மேக்கர்ஸ் என்ற ரசிகர் கூட்டத்தில் மட்டும் 7,000-க்கும் மேற்பட்டவர்கள். மூன்று மாதத்துக்குத் தாங்கும் என்று நினைத்துச் செய்துவைத்த புதிர்களை முதல் நாளிலேயே உடைத்துப்போட்டார்கள் என்று உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த வேகத்தில் கதை யார் மனதில் நிற்கும்? கூட்டத்தில் ஒருவரான ஏட்ரியன் ஹான் நடந்ததையெல்லாம் கோவையாக எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு அவரே 'பெர்ப்ளெக்ஸ் சிட்டி' விளையாட்டை உருவாக்கும் பக்கம் போய்விட்டார், அது வேறு கதை.

அப்புறம் 2004-இல் ஹேலோ 2 என்ற வீடியோ விளையாட்டு வெளியாகும் முன்பு வந்த 'ஐ லவ் பீஸ்'. தேனீ வளர்ப்பு பற்றிய ஓர் இணையதளம் கெட்டுப்போனது போலத் தெரியும். அதிலிருந்து எந்த இடம், எந்த நேரம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். அந்த இடத்தில் உள்ள பொதுத் தொலைபேசி அந்த நேரத்துக்கு மணியடிக்கும். எடுத்துப் பேசினால் ஒரு வானொலி நாடகத்தின் துண்டு எல்லோருக்கும் திறக்கும். துண்டுகள் முன்னும் பின்னுமாக வந்தன. வரிசைப்படுத்திக் கேட்டால்தான் நாடகம். ரசிகர்கள் அதையும் செய்தார்கள்.

எங்கள் குழுவில் இன்றுவரை தீராத வழக்கும் இந்த வரிசைதான். கதைக்குள் நடந்த வரிசையில் சொல்வதா, ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வரிசையில் சொல்வதா? கதாநாயகி காணாமல் போவது கதையில் முதல் சம்பவம். ஆனால் அது எங்களுக்குத் தெரியவந்ததே பாதி ஆட்டம் முடிந்த பிறகு. முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்பவருக்குப் புரியும், ஆனால் நாங்கள் அடைந்த திகைப்பு அவருக்குக் கிடைக்காது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? செய்தவர்கள் மட்டுமல்ல, கேட்டவர்களும் எழுதுங்கள்.

* * *

நான் கேட்பவர்கள் பக்கம். மேலே எழுதியவர் குழுவின் பாட்காஸ்ட் இல்லை, வேறொன்று.

ஒரு விளையாட்டு முக்கால்வாசி முடிந்த நிலையில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பாட்காஸ்ட் இருக்கிறது என்றார்கள், போட்டேன். நான்கு பேர், நான்கு பேருக்கும் தலைகால் புரியாத உற்சாகம். ஒரு படக்கோப்பின் கடைசியில் எழுத்துகள் ஒளிந்திருந்தன, அதை இன்னொருவர் சீசர் சைஃபர் (எழுத்துகளை இடம் நகர்த்தி எழுதும் ரகசியக் குறியீடு) என்று கண்டுபிடித்தார், எழுத்தை எத்தனை இடம் நகர்த்த வேண்டும் என்பதற்கான குறிப்பு கடிகாரப் படத்தில் இருந்தது, அந்தக் கடிகாரத்தை முதலில் பார்த்தது நானா நீயா என்று ஒரு செல்லச் சண்டை. எல்லாம் சரி. கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. எபிசோட் முடிந்தது. அந்தப் புதிருக்குள் இருந்த செய்தி என்ன என்று யாரும் சொல்லவில்லை!

கேட்டு எழுதினேன். "அந்தப் பெண் ஏன் ஆய்வுக்கூடத்தை விட்டு ஓடினாள்? அவளைத் தேடுகிறவர் அப்பாவா, மேலதிகாரியா?" இரண்டே கேள்வி. கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மறுநாள் பதில் வந்தது: "அடுத்த பதிவில் நீங்களும் வந்து உட்காருங்கள், சகோ. விளையாடாமலேயே வாருங்கள்."

அப்படித்தான் நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். என் வேலை ஒன்றுமே தெரியாமல் இருப்பது. எனக்குக் கண்டிப்பான உத்தரவு: எந்தத் தளத்தையும் திறக்கக் கூடாது, எந்தச் சுருக்கத்தையும் படிக்கக் கூடாது. அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள், புரியாத இடத்தில் நான் நிறுத்துவேன். "நில்லுங்க, இந்த மருத்துவர் இதற்கு முன் எங்கே வந்தார்?" என்று கேட்டால் நான்கு பேரும் ஒரு கணம் வாயடைத்துப் போவார்கள். பிறகு ஒருவர் மெதுவாக, "அட, அதை நாம் சொல்லவே இல்லையே" என்பார்.

இந்தப் பதவிக்கு ஆயுள் குறைவு. நான்கைந்து எபிசோட் தாண்டினால் எனக்கும் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது என் நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். நான் கடிகாரத்தை முதலில் பார்த்தது யார் என்று சண்டை போடும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

* * *

நான் எடிட்டிங் பார்ப்பவன். வரிசை வழக்குக்கு நான் வரவில்லை, அது எழுதுகிறவர்கள் பாடு. ஒலியில் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

இணைய அழைப்பைப் பதிவு செய்து அப்படியே வெளியிடாதீர்கள். அழைப்பில் குரல் சுருங்கித்தான் வரும், நடுவில் விழுங்கவும் செய்யும். ஒவ்வொருவரும் தன் கணினியில் தன் குரலைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு கோப்பை அனுப்பட்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும், இலவசம்தான். தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு கைதட்டு. அலைவடிவத்தில் அந்த முனைகளை ஒன்றாக நிறுத்தினால் டிராக்குகள் சேர்ந்துவிடும். நீண்ட பதிவென்றால் கடைசியிலும் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுபோல ஓடாததால் ஒரு மணி நேரத்தில் குரல்கள் லேசாக விலகும். கேள்விக்கு முன்பே பதில் வந்து விழும். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் பேசுகிறவர்கள் கிரெய்க் என்ற தானியங்கிப் பதிவு நிரலை வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு டிராக் கிடைக்கும், ஆனாலும் கையிருப்பாக உள்ளூர்ப் பதிவும் வேண்டும். ஸ்டீரியோவில் ஒலி அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) பக்கத்தில் நிறுத்துங்கள். போதும்.

இந்த வகைப் பாட்காஸ்டுக்கே உரிய விஷயம் ஒன்று. எங்கள் தொகுப்பாளர் ஒருவர் குரல் மாற்றுவதில் கெட்டிக்காரர். வில்லன் அனுப்பிய கடிதத்தை வில்லன் குரலிலேயே வாசித்தார், ரொம்ப அழகாக. அடுத்த வாரம் பார்த்தால் கேட்டவர்களில் சிலர் அந்த ஒலியை வெட்டி எடுத்து, "இது எந்த எண்ணுக்கு வந்த அழைப்பு? பின்னணியில் ரயில் சத்தம் கேட்கிறதே" என்று அலசிக்கொண்டிருந்தார்கள். ரயில் எங்கள் ஆள் வீட்டுப் பக்கம் போகிற ரயில்.

அதற்குப் பிறகு விளையாட்டிலிருந்து வந்த அசல் ஒலிக்கு முன்னும் பின்னும் ஒரே ஒரு மணியோசை வைக்கிறோம். மணிக்குள் இருப்பது விளையாட்டு, வெளியே இருப்பது நாங்கள். ஊகத்துக்கு இன்னொரு ஏற்பாடு: பின்னணி இசை ஓடும்போது பேசுவதெல்லாம் எங்கள் ஊகம், இசை நின்றால் உறுதியானது. எபிசோட் தொடக்கத்தில் ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுவோம். புதிரென்றால் எதையும் தோண்டிப் பார்க்கிற கூட்டம் இது, அவர்களுக்கு இவ்வளவு வேலி தேவைதான்.

* * *

வேலி என்றதும் எங்களுக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது.

ஏஆர்ஜி நடத்துகிறவர்களை ரசிகர்கள் பப்பெட் மாஸ்டர் என்பார்கள். ஆட்டம் முடியும்வரை அவர்கள் திரைக்குப் பின்னால்தான். "இது விளையாட்டே இல்லை" என்ற பாவனையை அவர்களும் விடமாட்டார்கள், நாமும் கலைக்கமாட்டோம். ஆனால் நாம் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். தெரிந்ததுதான் என்றாலும், நேரில் மாட்டும்போது வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு சின்னக் குழு நடத்திய விளையாட்டு அது. எங்கள் பாட்காஸ்டில் பேச்சுவாக்கில் ஒருவர், "கடிதம் எழுதுகிறவளும் காணாமல் போனவளும் ஒரே ஆளாக இருந்தால்?" என்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனோம். சில நாள் கழித்து அந்தக் கதாபாத்திரத்திடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. நடுவில் ஒரு வரி: "நானும் அவளும் ஒருத்திதான் என்று சிலர் பேசிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்."

அன்றைக்கு எங்கள் அரட்டை அறை இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. ஒருவர் துள்ளிக் குதித்தார். இன்னொருவர் பயந்தே போனார், "இனிமேல் நாம் சொல்வது கதையை விளக்குவதா, கதையை மாற்றுவதா?" என்று. எனக்கு இரண்டாமவர் கேட்டதுதான் சரியான கேள்வியாகப் பட்டது. விளக்குகிறவர் கதைக்குள் போய்விட்டால் வெளியே நின்று யார் விளக்குவது? ரொம்ப நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கதாபாத்திரங்களோடு பாட்காஸ்டின் பெயரில் யாரும் பேசக் கூடாது. தனி ஆளாக ஆடுவது அவரவர் விருப்பம். நடித்தவர்களின் சொந்தக் கணக்குகளைத் தேடிப் போவது அறவே கூடாது.

ஆட்டம் முடிந்த பிறகு அவர்கள் திரையை விலக்கிக்கொண்டு வந்து எங்களோடு ஒரு நீண்ட எபிசோட் பேசினார்கள். அப்போது எழுத்தாளர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எந்தக் குறிப்பை எல்லோரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் எங்களைக் கேட்டாராம். நாங்கள் ஒரு தடயத்தைப் பற்றி வாயே திறக்காவிட்டால், அதே தகவலை வேறு வடிவத்தில் மறுபடியும் அனுப்புவார்களாம். எந்தத் தடயங்கள் என்று கேட்டோம். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

* * *

எல்லோரும் ஏஆர்ஜி பற்றியே பேசுகிறீர்கள். கணினியிலும் கன்சோலிலும் ஆடுகிற சாதாரண விளையாட்டுக்கும் இதே தலைவலி உண்டு.

2011-இல் வந்த டார்க் சோல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதிக் கதை வாள், மோதிரம், கவசம் ஆகியவற்றின் குறிப்புகளில் சிதறிக் கிடக்கிறது. சிறுவயதில் முழுதாகப் புரியாத ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்ட அனுபவம்தான் இதற்கு மூலம் என்று அதன் இயக்குநர் ஹிடெடகா மியாசாகி சொல்லியிருக்கிறார். அந்த இடைவெளிகளில்தான் எங்கள் சண்டை முழுவதும். ஒரு மோதிரக் குறிப்புக்கு ஒரு எபிசோட் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் முதலில் எழுதியவரின் வரிசைக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல சோதனை 'ஹர் ஸ்டோரி', 2015. ஒரு பெண்ணைக் காவல்துறை விசாரித்த வீடியோ துண்டுகள் ஒரு கணினியில் இருக்கின்றன. ஒரு சொல்லைத் தேடினால் அந்தச் சொல் வருகிற துண்டுகளில் முதல் ஐந்து மட்டும் பார்க்கக் கிடைக்கும். நீங்கள் எந்தச் சொல்லைத் தேடுகிறீர்களோ அதுதான் உங்கள் கதையின் அடுத்த பக்கம். இதில் 'கண்டுபிடித்த வரிசை' என்று பொதுவாக ஒன்று கிடையாது, ஆளுக்கொன்று.

நாங்கள் மூன்று பேர் தனித்தனியாக ஆடிவிட்டு வந்து, தேடிய சொற்களின் பட்டியலை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டினோம். ஒருத்தி முதல் சில தேடல்களிலேயே பெரிய ரகசியத்தில் போய் முட்டியிருந்தாள். இன்னொருவர் அதைக் கடைசியில்தான் பார்த்தார். ஒரே பெண்ணைப் பற்றி ஒருத்திக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம், இன்னொருவருக்குக் கடைசிவரை பரிவு. அதையே எபிசோடாக வைத்தோம். 'என் ஆட்டத்தில்' என்று தொடங்காமல் யாரும் பேசக் கூடாது என்பது மட்டும்தான் விதி. முடிவுகள் பிரிந்து போகிற விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும்.

அதனால் வரிசை ஒன்றுதான் இருக்க வேண்டும் என்ற பேச்சையே நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

* * *

நான் எழுத்து வடிவம் தயாரிக்கிறேன். காது கேளாத ஒரு ரசிகர் கேட்டதால் தொடங்கிய வேலை. புதிர் உடைப்பதில் எங்கள் கூட்டத்திலேயே அவர்தான் வேகம், ஆனால் பாட்காஸ்ட் அவருக்கு மூடிய கதவு. எழுத்து வந்த பிறகு நாங்கள் சொன்னதில் இருந்த முரண்களை அவர்தான் நேரம் குறித்து அனுப்புகிறார்.

இன்னொரு பயன் பிறகு தெரிந்தது. ஆட்டம் முடிந்தால் அந்தப் போலி இணையதளங்களின் பெயர்ப் பதிவை யாரும் புதுப்பிப்பதில்லை. கொஞ்ச காலத்தில் ஒவ்வொன்றாக விழும். நாங்கள் விளக்கிய ஒரு விளையாட்டின் தளங்களில் இன்று ஒன்றுகூடத் திறக்காது. எங்கள் எபிசோடுகளும் எழுத்து வடிவமும்தான் மிச்சம். அதனால் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பக்கத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் பேசும்போது, "இதோ இந்தப் படத்தைப் பாருங்கள்" என்று தாண்டிப் போகாதீர்கள். படத்தில் இருப்பதை வாயால் சொல்லுங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி. எங்கள் குழுவில் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு ஓடைகளாகப் பிரிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். கதைக்குள் நடந்த வரிசையில் பத்து நிமிடச் சுருக்கம் ஒன்று, புதிதாக வருகிறவர்களுக்கு. கண்டுபிடித்த வரிசையில் நீண்ட எபிசோட் இன்னொன்று, திகைப்பை அனுபவிக்க நினைப்பவர்களுக்கு. புதுத் துண்டு கிடைக்கும்போதெல்லாம் சுருக்கத்தைத் திருத்தி மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும், அதற்குத்தான் ஆள் இல்லை. ஒன்றுமே தெரியாமல் உட்காருகிறவரையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

* * *

எடிட்டிங் பார்ப்பவன் மறுபடியும். சுருக்கத்தை முழுதாகத் திரும்பப் பதிவு செய்யாதீர்கள். சம்பவத்துக்கு ஒரு கோப்பாகப் பேசி வைத்துக்கொண்டால், புதிதாக வந்ததை நடுவில் செருகிவிடலாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் தன் அதே மைக்கில், அதே அறையில் பேசினால் போதும், ஒட்டு தெரியாது.