புதியவர்க்கான படத்தொகுப்புப் பாடங்கள்: எதை நம்பித் தொடங்குவது?

ஓலைக்கொட்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் அம்மா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பனையோலையில் கொட்டான் என்னும் கூடை முடைந்து வருகிறார். ஓலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, வாராக வகிர்ந்து, சாயமேற்றி, அடி போட்டு, விளிம்பு கட்டி முடிப்பது வரை எல்லாவற்றையும் கைப்பேசியில் 46 துண்டுகளாகப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். அவருக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வருவதால், அவர் செய்வதையும் சொல்வதையும் பன்னிரண்டு நிமிடப் படமாகத் தொகுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

எனக்குப் படத்தொகுப்பில் எந்த முன்னறிவும் இல்லை. இரண்டு வாரமாக இணையத்தில் பாடங்களைத் தேடிப் பார்த்ததில் குழப்பமே மிஞ்சியது. பெரும்பாலானவை எழுத்துகளைப் பறக்கவிடுவது, காட்சிக்குக் காட்சி மின்னலடிப்பது போன்றவற்றையே கற்றுத் தருகின்றன. ஒரு பாடத்தைப் பின்பற்றிச் சென்றபோது, பாடம் நடத்தியவரின் திரையில் இருந்த பொத்தான் என் திரையில் இல்லவே இல்லை. என்னிடம் இருப்பது 8 ஜி.பி. நினைவகமும் விண்டோஸும் கொண்ட மடிக்கணினி. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. எந்த மென்பொருளை, எந்தப் பாடத்தைக் கொண்டு கற்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நீண்ட துண்டை மென்பொருளில் இட்டுப் பார்த்தேன். முதல் நிமிடத்தில் உதடும் குரலும் பொருந்தியிருந்தன. எட்டாம் நிமிடத்திலோ, அம்மாவின் கத்தி ஓலையைக் கிழித்து முடித்து, கையும் கீழே இறங்கிய பிறகுதான் அந்தச் 'சர்' என்ற ஓசை கேட்கிறது. கைப்பேசியில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. நான் செய்த பிழை என்ன?

மேசைவிளக்கு எழுதியது:

நல்ல காரியம் செய்கிறீர்கள். பாடத்தின் தரத்தை அதன் முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம். கோப்புகளை எந்த அடைவில் (ஃபோல்டரில்) வைப்பது, ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) என்பதை எங்கே அமைப்பது, தேவையற்ற பகுதியை வெட்டி நீக்குவது எப்படி என்ற வரிசையில் ஆசிரியர் தொடங்கினால் அவரை நம்பிப் பின்தொடரலாம். எடுத்த எடுப்பில் எஃபெக்ட் பட்டியலைத் திறந்து காட்டுகிறவரிடம் உங்களுக்கு இப்போது வேலை இல்லை. அதைவிட முக்கியமானது, அவர் பயன்படுத்தும் படத் துண்டுகளை நமக்கும் தருகிறாரா என்பது. அதே துண்டை அதே இடத்தில் வெட்டிப் பார்க்கும்போதுதான், நம் வெட்டு ஏன் துள்ளுகிறது, அவருடையது ஏன் வழுக்கிக்கொண்டு போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த இரண்டும் சேர்ந்து அமைந்திருப்பது, நான் அறிந்தவரை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கான பயிற்சி நூல்களில்தான். நிறுவனத்தின் இணையதளத்திலேயே தொடக்கநிலை நூல் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடத்துக்குரிய படத் துண்டுகளையும் உடன் தரவிறக்கிக்கொள்ளலாம். மென்பொருளின் இலவசப் பதிப்புக்குரிய வசதிகளை மட்டும் பயன்படுத்தினால், படத்தின் மேல் வாட்டர்மார்க் என்னும் முத்திரை விழாது. 3840 × 2160 அளவு வரை வெளியிடலாம். நூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் நடை எளியது. நான் ஒரு மாதம், இரவு ஒரு மணி நேரம் என்று அமர்ந்து அதைக் கொண்டே கற்றேன். அதற்கு முன்பு சிதறலாகப் பார்த்திருந்த எந்தக் காணொளியும் எனக்கு இவ்வளவு தெளிவைத் தரவில்லை.

நிழற்கோடு எழுதியது:

மேசைவிளக்கு சொன்ன அளவுகோலை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால், மென்பொருள் விஷயத்தில் மாறுபடுகிறேன். ரிசால்வுக்கு 16 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்றும், எஃபெக்ட் வேலைகளுக்கான அதன் ஃபியூஷன் பகுதியைப் பயன்படுத்துவோருக்கு 32 ஜி.பி. வேண்டும் என்றும் அதை உருவாக்கியவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். அது கிராஃபிக்ஸ் கார்டையே பெரிதும் நம்பி இயங்குவது. இவருடைய கணினியில் அதை ஏற்றினால், கற்பதை விடக் காத்திருப்பதே மிகுதியாகிவிடும் என்று அஞ்சுகிறேன். கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், விண்டோஸிலும் இயங்கும், பெரிய கணினியை எதிர்பார்ப்பதும் இல்லை. நான் கேடென்லைவையே சொல்வேன். ப்ராக்ஸி என்ற வசதியை இயக்கிவிட்டால், பெரிய துண்டுகளுக்கு மாற்றாகச் சிறிய நகல்களை அதுவே உருவாக்கிக்கொள்ளும். நாம் நகலில் வெட்டுவோம், இறுதிப் படம் மூலத்திலிருந்தே வெளிவரும். அதன் ஆவணத் தளத்தில் உள்ள தொடக்கப் பாடம் சிறியது. ஒரே மாலையில் செய்து முடித்துவிடலாம்.

பொத்தானைக் காணோம் என்றீர்களே, அது பெரும்பாலும் பதிப்பு வேறுபாடுதான். கேடென்லைவ் 2019ஆம் ஆண்டின் 19.04 பதிப்பில் உள்ளிருந்து பெருமளவு மாற்றி எழுதப்பட்டது. ரிசால்விலும் அதே ஆண்டில் வந்த 16ஆம் பதிப்பில்தான் 'கட்' என்ற தனிப் பக்கம் சேர்ந்தது. ஆகவே, எந்தப் பாடமானாலும் வெளியான ஆண்டைப் பாருங்கள். ஆசிரியர் தம் பதிப்பு எண்ணைச் சொல்கிறாரா என்றும் கவனியுங்கள். 2019க்கு முந்தைய கேடென்லைவ் பாடங்களைத் தள்ளிவிடுவதே நல்லது.

இனி அந்தக் கத்தியின் ஓசை. இதில் உங்கள் பிழை ஏதும் இல்லை. கைப்பேசிகள் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும், வெளிச்சத்துக்கும் கருவியின் சுமைக்கும் ஏற்ப அதைச் சற்றே கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. தொகுப்பு மென்பொருளோ சீரான எண்ணிக்கையை எதிர்பார்க்கிறது. அதனால் படம் ஒரு வேகத்திலும் ஒலி ஒரு வேகத்திலும் நகர்ந்து, நீளம் கூடக்கூட இடைவெளியும் வளர்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், ஃபிரேம் எண்ணிக்கையை மாறாத 30 என்று அமைத்து ஒவ்வொரு துண்டையும் மாற்றிய பிறகு தொகுப்புக்குள் கொண்டு வாருங்கள். கேடென்லைவின் அண்மைப் பதிப்புகள் இத்தகைய துண்டைக் கண்டால் தாமே எச்சரித்து, மாற்றித் தரவா என்று கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள்.

மேசைவிளக்கு எழுதியது:

உண்மைதான், 8 ஜி.பி. என்பதை நான் கவனத்தில் கொள்ளவில்லை. அப்படியானால் கேடென்லைவ்தான் பொருத்தம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: எந்தப் பாடத்தைக் கற்றாலும், ஒலியையும் படத்தையும் பிரித்து வெட்டும் பகுதியைத் தவறவிடாதீர்கள். அம்மா பேசத் தொடங்கும் முகத்தை மூன்று நொடி காட்டிவிட்டு, குரல் தொடரும்போதே படத்தை அவர் விரல்களுக்கு மாற்ற அது உதவும். இத்தகைய கைவேலைப் படத்துக்கு வேறெந்த உத்தியும் இவ்வளவு பயன்படாது.

குருத்து எழுதியது:

தமிழில் கற்க விரும்பினால், ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் பல கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழ்க் குரலில் பாடங்களை வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தித் தாமும் செய்து பார்க்கச் சொல்வது அவர்கள் முறை. எந்த மொழிப் பாடத்துக்கும் இந்த முறையைக் கடைப்பிடியுங்கள். படுத்துக்கொண்டு கைப்பேசியில் பார்க்கும் பாடம் மறுநாள் காலையில் நினைவில் நிற்பதில்லை.

ஓலைக்கொட்டான் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹேண்ட்பிரேக்கில் மாற்றிய பின் கத்தியும் ஓசையும் ஒன்றாகிவிட்டன. தொடக்கப் பாடத்தை முடித்து, முதல் ஆறு துண்டுகளை அடுக்கியும் விட்டேன். வாரை வகிரும் காட்சியில் மேசைவிளக்கு சொன்னபடி குரலை ஓடவிட்டு விரல்களைக் காட்டியபோது, அருகில் அமர்ந்து பார்த்த அம்மா, "ஓலை இன்னும் காயலையே, அதான் பிசிறு அடிக்குது" என்று தம் கையையே திருத்தினார். அதையும் பதிவு செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு ஐயம். நேற்று இடம் போதாமல் படங்கள் இருந்த அடைவை வேறு வட்டுக்கு மாற்றினேன். இன்று திறந்தால் எந்தத் துண்டையும் காணவில்லை என்கிறது. செய்த வேலையெல்லாம் போய்விட்டதா?

நிழற்கோடு எழுதியது:

எதுவும் போகவில்லை. தொகுப்புக் கோப்புக்குள் படம் இருப்பதில்லை; எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, எங்கிருந்து எதுவரை வெட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அடைவைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துத் திறந்து பாருங்கள், எல்லாம் வந்துவிடும். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால், கேடென்லைவின் புராஜெக்ட் பட்டியலில் உள்ள ஆர்க்கைவ் கட்டளையைப் பயன்படுத்துங்கள். தொகுப்புக் கோப்பையும் 46 துண்டுகளையும் ஒரே அடைவில் சேர்த்துத் தரும். அதில் ஒரு நகலை வெளி வட்டில் எடுத்து வைத்த பிறகே கைப்பேசியிலுள்ள மூலப் பதிவுகளில் கை வையுங்கள்.