லெம்மியின் பேஸ் டோனை உண்மையான புதுமை என்று சொல்லலாமா?

நாலுதந்தி கேட்டது:

மோட்டர்ஹெட் என்ற ராக் குழுவின் லெம்மி கில்மிஸ்டர், ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பேஸை (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டார்) மார்ஷல் நிறுவனத்தின் ஆம்ப்பில் (ஒலிபெருக்கி) இணைத்து எழுப்பிய அந்தக் கரகரத்த ஓசையை மெட்டல் கேட்பவர்கள் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 1980இல் வெளிவந்த 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' பாடலின் தொடக்கத்தில் முன்னால் நிற்பது அந்தப் பேஸ்தான். ஆனால் முதன்முறை கேட்பவர்களில் பலர் அதைக் கிட்டார் என்றே எண்ணிவிடுகிறார்கள்.

முறையாக இசை பயின்ற நண்பர் ஒருவர் இதை ஒரு சாதனையாகவே ஏற்க மறுக்கிறார். டோன், அதாவது ஒலியின் தன்மை, என்பது கருவியும் ஆம்ப்பும் சேர்ந்து தரும் விளைவு என்றும், குமிழ்களை ஒருவர் எந்தப் பக்கம் திருகி வைத்தார் என்பதைக் கண்டுபிடிப்பாகக் கொண்டாடக் கூடாது என்றும், புதிய ஸ்வர அமைப்பையோ புதிய தாளக் கட்டையோ இதுவரை இல்லாத விரல் உத்தியையோ கொண்டுவந்தவரைத்தான் புதுமை செய்தவர் என்று அழைக்க வேண்டும் என்றும் அவர் வாதிடுகிறார். அவர் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. ஆனாலும் முழுமையாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் லெம்மியின் ரசிகன் என்பதால் மட்டும் இப்படித் தோன்றுகிறதா, அல்லது அந்த டோனுக்குள் உண்மையிலேயே ஏதேனும் புதிதாக நிகழ்ந்திருக்கிறதா? கருவி வாசிப்பவர்களும் ஒலிப்பதிவு அனுபவம் உள்ளவர்களும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

உங்கள் நண்பர் பக்கம்தான் நான் நிற்கிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. டோன் ஒருபோதும் புதுமையாக இருக்க முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் குறிப்பிட்ட டோனின் ஒவ்வொரு கூறும் லெம்மிக்கு முன்பே வேறொருவர் கையில் இருந்தது என்பதே என் வாதம்.

பேஸில் ஃபஸ் என்னும் கரகரப்பான ஒலியை பீட்டில்ஸ் குழு 1965லேயே 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாடலில் பதிவு செய்துவிட்டது. பியானோவின் கணீர் ஒலியைப் பேஸிலிருந்து வரவழைக்க விரும்பிய 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாருடன் சேர்ந்து 1966இல் அதற்கேற்ற தந்திகளையே உருவாக்கச் செய்தார். 1970இன் 'லைவ் அட் லீட்ஸ்' பதிவில் அவருடைய பேஸ் எவ்வளவு முரட்டுத்தனமாக உறுமுகிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள். ரிக்கன்பேக்கரின் கூர்மையான ஒலியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர் 'யெஸ்' குழுவின் கிறிஸ் ஸ்குவயர்; அவருடைய 'ஃப்ரஜைல்' தொகுப்பு 1971இல் வந்தது. மெட்டலுக்குள்ளேயே பார்த்தாலும், பிளாக் சப்பாத்தின் கீசர் பட்லர் 1970லேயே பேஸை வா-வா பெடல் (காலால் இயக்கி ஒலியைத் திறந்து மூடும் கருவி) வழியாகச் செலுத்தியிருக்கிறார். மூவர் குழுவாக இருந்த மோட்டர்ஹெட்டைப் போலவே அந்தக் குழுவிலும் ஒரே ஒரு கிட்டார்தான் என்பதையும், அதை வாசித்த டோனி அயோமி தனி வாசிக்கும்போது பின்னால் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு பட்லருக்கும் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

லெம்மி இவை எல்லாவற்றையும் சேர்த்து, ஒலியளவையும் கூட்டி, நாற்பது ஆண்டுகள் மாற்றாமல் வாசித்தார். அதை நான் ஆளுமை என்பேன். அந்த ஆளுமை எனக்கும் மிகப் பிடிக்கும்.

வால்வு_சூடு எழுதியது:

பழைய_இசைத்தட்டு அடுக்கியிருக்கும் முன்னோடிகளில் எவரையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் யாரும் பேஸ் செய்ய வேண்டிய வேலையைக் கைவிடவில்லை. என்ட்விசில் முரட்டு ஒலியில் வாசித்தாலும் அது பேஸ் வரிசைதான். ஸ்குவயர் மெல்லிசைக் கோடுகளை இழைத்தாலும் அடித்தளம் அவர் கையிலேயே இருந்தது. லெம்மி 1971இல் ஹாக்வின்ட் குழுவில் சேர்வதற்கு முன் ரிதம் கிட்டார் (பாட்டுக்குப் பின்னணியாகக் கார்டுகளை வாசிக்கும் கிட்டார்) வாசித்தவர். பேஸைக் கையில் எடுத்த பிறகும் ரிதம் கிட்டார் வாசிப்பதைப் போலவே பிக்கால் இரண்டு தந்திகளைச் சேர்த்து அடித்துப் பவர் கார்டுகளை (ஒரு ஸ்வரமும் அதன் ஐந்தாம் ஸ்வரமும் சேர்ந்தவை) வாசித்தார். தாம் அப்படித்தான் வாசிப்பதாகப் பேட்டிகளிலும் பலமுறை சொல்லியிருக்கிறார். டோனைப் பற்றிய கேள்வி இந்த இடத்தில்தான் சுவையாகிறது என்று நினைக்கிறேன்.

பேஸில் பவர் கார்டு வாசித்து ஆம்ப்பின் ஒலியை உடைய விட்டால், அதாவது டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பு வரவிட்டால், என்ன நடக்கும் என்பதை எண்களாகப் பாருங்கள். கிட்டாரின் அடித் தந்தியான ஈ ஸ்வரம் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் ஸ்வரமான பி ஏறத்தாழ 123 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் ஏறும்போது இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதி, அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் புதிதாகப் பிறக்கிறது. அது அதே ஈ ஸ்வரத்தின் கீழ் ஆக்டேவ் (கீழ் ஸ்தாயி) என்பதால் காதுக்கு இனிமையான கனமாகத் தெரிகிறது. கிட்டார் பவர் கார்டின் பலமே அதுதான். அதையே பேஸின் அடித் தந்தியில் செய்தால் 41 ஹெர்ட்ஸும் 62 ஹெர்ட்ஸும் மோதி 21 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஒன்று பிறக்கும். மனிதக் காது கேட்கும் எல்லையின் விளிம்பு அது. அங்கே ஸ்வரம் கேட்காது, ஸ்பீக்கர் தடுமாறும், மொத்த ஒலியும் சேறாகக் குழம்பிவிடும்.

இப்போது லெம்மியின் ஆம்ப் அமைப்பைப் பாருங்கள். நூறு வாட் மார்ஷல் சூப்பர் பேஸ். அதில் பேஸ் குமிழ் (தாழ் ஒலி) சுழியம், ட்ரெபிள் குமிழும் (உச்ச ஒலி) சுழியம், மிட் (நடு ஒலி) மட்டும் முழுவதுமாக. அந்த ஆம்ப்பில் டோன் குமிழ்கள், ஒலியைக் கடைசியாகப் பெருக்கும் பவர் வால்வுகளுக்கு முன்னால் இருக்கின்றன. ஒலி பெரும்பாலும் உடைவது பவர் வால்வுகளில்தான். ஆகவே கீழ் அதிர்வெண்கள் உடைவதற்கு முன்பே வடிக்கப்பட்டு, அவற்றுக்கு மேலே இருக்கும் ஹார்மோனிக்குகள் (மடங்கு அதிர்வெண்கள்)தான் முக்கியமாக வால்வுகளைத் தாக்குகின்றன. பேஸில் கார்டு வாசித்தும் அது கார்டாகவே கேட்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் குமிழ் அமைப்பைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அவர் வாசித்த முறைக்கு அதைத் தவிர வேறு அமைப்பு பொருந்தியிருக்காது. வாசிப்பு தனி, டோன் தனி என்று உங்கள் நண்பர் பிரிப்பது லெம்மியின் விஷயத்தில் சாத்தியமே இல்லை.

(இடையில் ஒரு வேடிக்கை: மார்ஷலின் முதல் ஆம்ப்பான ஜேடிஎம் 45, ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் என்ற பேஸ் ஆம்ப்பைப் பார்த்துச் செய்யப்பட்டது. பேஸுக்காகப் பிறந்த மின்சுற்று கிட்டார்காரர்களிடம் போய்க் கெட்டுப்போய், அந்தக் கெட்ட பழக்கத்தோடு லெம்மியிடம் திரும்பி வந்திருக்கிறது.)

மிக்ஸர்_மேசை எழுதியது:

ஒலிப்பதிவுப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. லெம்மியின் பேஸ் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டதும் அடியில் ஓரிடம் காலியாகிறது. அந்த இடத்தை யாராவது நிரப்பியாக வேண்டும். 1979இன் 'ஓவர்கில்' தலைப்புப் பாடலில் மோட்டர்ஹெட்டின் டிரம்மர் ஃபில் டெய்லர் இரண்டு கிக் டிரம்களையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்கள்) இடைவிடாமல் ஓட்டுவதைக் கேளுங்கள். அங்கே அடித்தளம் கிக் டிரம்முக்கு மாறியிருக்கிறது என்பது என் எண்ணம்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. மெட்டாலிகாவின் 1988ஆம் ஆண்டுத் தொகுப்பான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' மிக்ஸில் ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் ஏறத்தாழக் கேட்கவே கேட்காது. அது சரியா தவறா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது, ஆனாலும் தொகுப்பு ஒரு தொகுப்பாக நிற்கிறது. மோட்டர்ஹெட் பதிவு ஒன்றில் பேஸ் தடத்தை அணைத்துவிட்டால் பாட்டே மிஞ்சாது.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

அதிர்வெண் கணக்கு எனக்குப் புதிது, அதை ஏற்கிறேன். ஆனால் வால்வு_சூடு சொல்வதன்படி பார்த்தால், ஒரே கிட்டார் உள்ள குழுவில் ரிதம் கிட்டாரின் இடத்தை நிரப்புவதற்காகத்தான் இந்த டோன் பிறந்தது. அப்படியென்றால் ஒரு கேள்வி எழுகிறது. 1984இல் ஃபில் கேம்பெல், வுர்சல் என்று இருவர் கிட்டாருக்கு வந்து சேர்ந்தார்கள். 1995இல் வுர்சல் விலகும்வரை மோட்டர்ஹெட்டில் இரண்டு கிட்டார்கள் இருந்தன. நிரப்ப வேண்டிய இடமே இல்லாத அந்தக் காலம் முழுவதும் லெம்மி அதே கருவியோடும் அதே கரகரப்போடும்தான் வாசித்தார். தேவைக்காகச் செய்த புதுமை என்றால் தேவை மாறியபோது டோனும் மாறியிருக்க வேண்டாமா? மாறாததால்தான் இதைப் பழக்கம் என்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு புதுமைக்குப் பிறகு மற்றவர்கள் அதன்மேல் எதையாவது கட்ட வேண்டும். லெம்மியை அப்படியே நகலெடுத்தவர்கள் பலரைக் கேட்டிருக்கிறேன், ஆனால் அந்த இடத்திலிருந்து முன்னேறிச் சென்றவர்கள் யார்?

வால்வு_சூடு எழுதியது:

இரண்டு கிட்டார் காலத்தைப் பற்றிய உங்கள் கேள்வி கூர்மையானது. அதற்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. அந்தக் காலத்துப் பதிவுகளில் பேஸும் ரிதம் கிட்டாரும் ஒரே அலைவரிசையில் முண்டியடிப்பதை நானும் உணர்ந்திருக்கிறேன். ஆனால் அதிலிருந்து நான் வருகிற முடிவு வேறு. டோன் அதே டோன்தான், அதைச் சுற்றியிருந்த அமைப்புதான் மாறிவிட்டது. எனவே புதுமை மார்ஷலின் குமிழ்களில் மட்டும் இருக்கவில்லை. மூவர் குழுவில் யார் எந்த வேலையைச் செய்வது என்ற பங்கீட்டில் இருந்தது, அந்தப் பங்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது டோன். வெறும் டோனை எடுத்து வேறொரு குழுவில் வைத்தால் அது அலங்காரமாகத்தான் நிற்கும் என்றால், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த தலைமுறையைப் பற்றி: நியூகாசிலில் இருந்து வந்த வெனம் குழுவும் மூவர் குழுதான். அதன் குரோனோஸ் முதலில் கிட்டார் வாசித்துவிட்டுப் பேஸுக்கு வந்தவர். 1981இன் 'வெல்கம் டு ஹெல்', 1982இன் 'பிளாக் மெட்டல்' இரண்டிலும் ஒலியின் பெரும்பகுதியைச் சுமப்பது அவருடைய உடைந்த பேஸ். அந்தப் பதிவுகளிலிருந்து எத்தனை குழுக்கள் கிளைத்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டனும் லெம்மியின் தாக்கம் பெற்ற பேஸ் வாசிப்பாளர்தான், ஆனால் அவர் போன வழி வேறு: 1983இன் 'கில் எம் ஆல்' தொகுப்பில் வரும் தனி வாசிப்பில் டிஸ்டார்ஷனையும் வா-வாவையும் லீட் கிட்டார்போலக் கையாண்டார். லெம்மி பேஸை ரிதம் கிட்டாரின் இடத்துக்குக் கொண்டுபோனார் என்றால் பர்ட்டன் அதை இன்னொரு படி நகர்த்தினார். முன்னேறியவர்களைக் கேட்டீர்கள், எனக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் இவர்கள் இருவரும்.

பழைய_இசைத்தட்டு எழுதியது:

வெனம் உதாரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். பர்ட்டன் விஷயத்தில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. அவருடைய தனி வாசிப்பில் லெம்மியைவிட பட்லரின் வா-வாதான் அதிகம் கேட்கிறது. பங்கீடுதான் புதுமை என்றால் நமக்குள் பெரிய சண்டை இல்லை. ஆனால் அந்தப் பெருமையில் பாதி ஃபில் டெய்லருக்கும் அந்த மூவர் குழுவின் கிட்டார் வாசிப்பாளர் ஃபாஸ்ட் எடி கிளார்க்குக்கும் போக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாலுதந்தி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நண்பரிடம் காட்டுவதற்கு இரண்டு பதிவுகளைச் சொல்ல முடியுமா? இரண்டு கிட்டார் காலத்தில் ஒன்றும், மூவர் குழுவாகத் திரும்பிய பிறகு ஒன்றும் இருந்தால் உதவியாக இருக்கும்.

மிக்ஸர்_மேசை எழுதியது:

1993இன் 'பாஸ்டர்ட்ஸ்', 1996இன் 'ஓவர்நைட் சென்சேஷன்'. இரண்டிலும் ஃபில் கேம்பெல் கிட்டார், மிக்கி டீ டிரம்ஸ், லெம்மி பேஸ்; இடையில் விலகியவர் வுர்சல் மட்டும் என்பதால் ஒப்பிடுவது எளிது. கிட்டார் தனி வாசிப்பு தொடங்கும் இடங்களை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள், ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் போட்டால் எந்த வாதமும் எடுபடாது.