கினி-பிசாவிலிருந்து முந்திரி நேரடியாக வாங்கலாமா?

பினாங்கு மளிகை:
வணக்கம். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பம் மளிகைக் கடை நடத்துகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான கினி-பிசாவில் முந்திரி மலிவு என்பதால், இடைத்தரகர் இல்லாமல் ஒரு கொள்கலன் தருவிக்கலாமா என்று யோசிக்கிறோம். அந்நாட்டுப் பொருளாதாரத்தை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செந்தூல்வாசி:
ஐயா, அங்கே மலிவாகக் கிடைப்பது முந்திரிக் கொட்டை. உங்கள் கடையில் விற்பதோ பருப்பு. கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால், அவித்து, உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கித் தரம் பிரிக்கப் பண்ருட்டியிலும் கொல்லத்திலும் இருப்பதைப் போன்ற பட்டறைகளும் கைதேர்ந்த பெண் தொழிலாளர்களும் வேண்டும். அந்நாட்டின் ஏழ்மையில் இதற்கும் பெரும் பங்குண்டு. ஏற்றுமதி வருவாயில் ஏறக்குறைய 90 விழுக்காடு முந்திரியிலிருந்தே வந்தும், விளைச்சலில் பெரும்பகுதி உடைக்கப்படாமலேயே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுவதால், கூலியும் கூடுதல் விலையும் அங்குள்ள சிறு விவசாயிகளுக்குக் கிட்டுவதில்லை. விலை சரிந்த ஆண்டில், கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்கும் குடும்பங்களின் உலையே அடங்கிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

கிள்ளான் சரக்கு:
மேலே சொன்னது சரி. தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதே இத்தொழிலின் அளவுகோல். கினி-பிசாவ் சரக்கில் 50 பவுண்டுக்கு மேல், அதாவது 23 கிலோ அளவுக்குத் தேறுவது வழக்கம் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். ஜூனில் மழை தொடங்கிவிடும். ஈரம் ஏறிய கொட்டை கப்பலிலேயே பூஞ்சை பிடிக்கும். நாணயத்தைப் பற்றிய கவலை குறைவு: 1997 முதல் அங்கே புழங்கும் சிஎஃப்ஏ பிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. அரசியல்தான் ஆபத்து. 1980, 2003, 2012 ஆகிய ஆண்டுகளில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. 1998-99இல் உள்நாட்டுப் போரும் நடந்தது.

பினாங்கு மளிகை:
மிக்க நன்றி. அப்படியானால் கொட்டை வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுகிறோம். பிசாவிலேயே உடைத்த பருப்பை விற்கும் ஆலை கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அங்கே வாங்கவே விரும்புகிறோம்.

செந்தூல்வாசி:
நல்ல முடிவு. முதலில் மாதிரி தருவித்து, முழுப் பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.