புதுப்பிப்பு: மூன்று துண்டு வீலுக்கு லிப் பொருந்தாத சிக்கல் தீர்ந்தது

நடுப்பகுதி, உள் வளையம், லிப் எனும் வெளி வளையம் மூன்றையும் போல்ட்டால் இணைத்த வீல் என்னுடையது. வளைந்துபோன வெளி லிப்பை மாற்ற வாங்கிய புது லிப்பில் 40 துளைகள் சரியாக இருந்தும் போல்ட் நுழையவில்லை என்று கேட்டிருந்தேன். நேரம் ஒதுக்கிப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது துளை வட்டத்தின் விட்டத்தை அளக்கச் சொன்ன யோசனைதான். ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து நேர் எதிர்த் துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் நேரடியாகக் கிடைத்துவிடுகிறது. நீள வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: புது லிப்பில் 4 மி.மீ. கூடுதல். துளையைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். ஓடும் வீலில் அந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. திருப்பிக் கொடுத்துவிட்டு அளவு ஒத்த லிப் வாங்கினேன்.

எதிர்பாராதது போல்ட் நீளம். இரண்டாவதாக வாங்கிய லிப்பின் விளிம்புத் தகடு தடிமனாக இருந்ததால் பழைய போல்ட்டில் நட் முழுதாகப் பிடிக்கவில்லை, மரை உள்ளேயே நின்றது. அதே விட்டத்தில் நீளமானவை மாற்றினேன். அப்புறம், லிப் 1 அங்குலம் அகலம் கூடியதால் ஆஃப்செட் (வீல் அகலத்தின் மையத்துக்கும் வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) 12.7 மி.மீ. குறைந்தது, வீல் வெளியே தள்ளி நிற்கிறது. டயர் ஃபெண்டரில் உரசுமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

இணைப்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பழைய சீலன்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி, புதிதாகப் பூசி, ஒரு நாள் காயவிட்டுக் காற்று அடித்தேன். சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை.