சுடோகு: ஆரம்பத்துலயே நோட்ஸ் போடணுமா, வேண்டாமா?

புதுக்கட்டம்:
வணக்கம். சுடோகு (ஒவ்வொரு வரிசையிலயும், நெடுக்கயும், 3×3 பெட்டியிலயும் 1-லேர்ந்து 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே தடவை வரணும்ங்கிற புதிர்) ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது. ஈஸி எல்லாம் பத்து நிமிஷத்துல முடியுது. மீடியம் தொட்டா நட்டாத்துல நிக்கிறேன். ஆப்ல 'ஆட்டோ நோட்ஸ்'னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா ஒவ்வொரு காலிக் கட்டத்துலயும் வரக்கூடிய எண்ணெல்லாம் பொடிப்பொடியா வந்து நிக்குது. அப்புறம் அரிசியில கல்லு பொறுக்குற வேலைதான். நோட்ஸ் இல்லாம கத்துக்கவே முடியாதுங்கிறார் ஆபீஸ்ல ஒருத்தர். அதெல்லாம் சோம்பேறிங்க வேலைங்கிறார் எங்கப்பா. யார் சொல்றதைக் கேக்கலாம்? நேத்து மாட்டிக்கிட்ட கட்டம் கீழே. புள்ளி இருந்தா காலி.

8 7 . | . 5 . | . . .
1 . . | 4 6 8 | . . .
. 6 3 | . . . | . 1 .
3 . . | . 1 . | . . 7
2 . . | 3 . 7 | . . 4
5 . . | . 9 . | . . 1
. 1 . | . . . | 9 3 .
. . . | 2 4 6 | . . 8
. . . | . 3 . | . 5 6

பென்சில்_பரமு:
தம்பியோ தங்கச்சியோ, நான் உங்கப்பா கட்சி.

முதல்ல அந்த பட்டனை அணைங்க. 3 எங்கெங்க இருக்குன்னு மட்டும் பாருங்க. மேல் வரிசையில நடுப்பெட்டிக்கு ஒரு 3 வேணும். மூணாவது வரிசையில ஏற்கெனவே 3 இருக்கு, அதனால பெட்டியோட அடிவரிசை மூணு கட்டமும் போச்சு. ரெண்டாவது வரிசையில அந்தப் பெட்டி நிறைஞ்சாச்சு. மிச்சம் இருக்கறது 5-க்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இடப்பக்கக் கட்டத்துக்கு நேர் கீழே, அஞ்சாவது வரிசையில, ஒரு 3 உக்காந்திருக்கு. அப்போ வலப்பக்கம்தான் 3.

இன்னொண்ணும் கையோட வருது. ரெண்டாவது வரிசையில ஒரு 1, மூணாவது வரிசையில ஒரு 1. அப்போ இதே பெட்டிக்கு 1 மேல் வரிசையிலதான் வரணும். அங்க இப்போ காலியா இருக்கறது ஒரே இடம்.

ஒரு புள்ளி கூட வைக்காம ரெண்டு எண். நோட்ஸ் போட்டிருந்தா அந்த 3 வந்த கட்டத்துல என்ன இருந்திருக்கும் தெரியுமா? 1, 2, 3, 9. நாலு எண்ணைப் பார்த்ததும் 'இது இன்னும் ஆகல'ன்னு தாண்டிப் போயிருப்பீங்க.

ரவுண்டானா:
பரமு சார், உங்களுக்குத் தோதான கட்டமா பார்த்து எடுத்துட்டீங்க. நான் ஒண்ணு எடுக்குறேன். நட்ட நடுக் கட்டம். குறுக்கே 2, 3, 7, 4 இருக்கு. நெடுக்க 5, 6, 1, 9, 4, 3. எண்ணிப் பாருங்க, 8 ஒண்ணுதான் பாக்கி. ஆட்டோ நோட்ஸ் போட்டிருந்தா அங்க தன்னந்தனியா ஒரு 8 நிக்கும், ஒரு செகண்ட் வேலை. உங்க முறையில '8 எங்கெங்க'ன்னு தேடிப் போனா நடுப்பெட்டியில மூணு இடம் வரும். நீங்களும் தாண்டித்தான் போவீங்க.

இது ஈஸி ரகம் வேற. கொஞ்சம் மேல போனா ஒரு வரிசையில ரெண்டு கட்டத்துல 4, 7 மட்டும்தான் வரும். எது எங்கன்னு தெரியாட்டியும், அந்த ரெண்டு எண்ணும் அந்த ரெண்டு கட்டத்துக்கே சொந்தம். அதே வரிசையில 4, 7, 9-ன்னு இன்னொரு கட்டம் இருந்தா அது 9. இந்த ஜோடியை எழுதி வைக்காம கண்ணால பிடிக்கறவங்க இருக்கலாம். ரெண்டு வாரம் ஆனவர்கிட்ட அதைக் கேக்கறது நியாயமா?

மயிலை_மாமி:
நான் இருவது வருஷமா பேப்பர்ல பேனாவாலேயே போடறேன். ரெண்டுல ஒண்ணுன்னு வந்து நின்னா ஏதாவது ஒண்ணைப் போட்டுண்டு போவேன். தப்பா இருந்தா எங்கேயாவது இடிக்கும். எனக்கென்ன பரீட்சையா?

பென்சில்_பரமு:
மாமி, இடிக்கறது முப்பது கட்டம் தாண்டி இடிக்குமே. அதுக்குள்ள எது யூகிச்சது, எது தானா வந்ததுன்னு பேனா எழுத்துல எப்படித் தெரியும்?

மயிலை_மாமி:
யூகிச்சதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுப்பேன். இடிச்சா வட்டம் போட்டது பொய், அந்த ரெண்டுல இன்னொண்ணு மெய். உங்க கம்ப்யூட்டரும் பெரும்பாலும் அப்படித்தான் போடறதுன்னு என் பேரன் சொன்னான். ஒண்ணைப் போட்டுப் பார்க்கும், இடிச்சா திரும்பி வரும். அது பண்ணினா புத்திசாலித்தனம், நான் பண்ணினா தப்பா?

ரவுண்டானா:
மாமி 😀 இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா கம்ப்யூட்டருக்குத் திரும்பி வர்றதுல அலுப்பு கிடையாது.

பென்சில்_பரமு:
நோட்ஸ் பக்கம் எல்லாரும் சாயறதுக்குக் காரணம் ஆப்தான்னு நினைக்கிறேன். 1979-ல அமெரிக்காவுல ஹோவர்ட் கார்ன்ஸ்ங்கிற கட்டடக் கலைஞர் போட்ட புதிர் இது. 1984-ல ஜப்பான்ல நிக்கோலி பத்திரிகை எடுத்துக்கிட்டுது. அங்க மனுஷன் உக்காந்து கையால அமைக்கறது வழக்கம். கொடுக்குற எண் 32-க்கு மேல போகக்கூடாது, இடங்கள் சமச்சீரா இருக்கணும்னு விதியே வெச்சாங்க. நீங்க போட்ட கட்டத்தையே தலைகீழாத் திருப்பிப் பாருங்க, எண் இருக்கற இடமெல்லாம் அச்சு அசலா அப்படியே பொருந்தும். எண்ணினா 30. கையால அமைச்சதுல அமைச்சவன் ஒரு பாதை வெச்சிருப்பான். அந்தப் பாதை கண்ணுக்குத் தெரியும். மெஷின் அமைச்சதுல பாதையாவது மண்ணாவது.

ரவுண்டானா:
சார், உலகம் பூரா இது பரவினதே மெஷினாலதான். ஹாங்காங்ல நீதிபதியா இருந்து ஓய்வு பெற்ற வேய்ன் கோல்டு புதிர் தயாரிக்க ஒரு புரோகிராம் எழுதினார். 2004 நவம்பர்ல லண்டன் 'தி டைம்ஸ்' அவர் புதிரைப் போட ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம்தான் இந்தப் பைத்தியம் எல்லாருக்கும் பிடிச்சுது. மாமி போடற பேப்பர்ல வர்றதும் மெஷின் போட்டதா இருக்கலாம். அதுவும் 30 இருந்தா சுலபம், குறைஞ்சா கஷ்டம்னு நினைச்சுடாதீங்க. விடை ஒண்ணே ஒண்ணா இருக்கணும்னா குறைஞ்சது 17 எண் வேணும், 16 போதாதுன்னு 2012-ல டப்ளின்ல கேரி மெக்வயர் குழு கம்ப்யூட்டர்ல அலசிச் சொல்லிட்டாங்க. அந்த 17 மட்டும் உள்ளதுலயே பல புதிர் சுலபமா முடியும்.

ஓரக்கட்டம்:
இவ்வளவு நேரம் சும்மா படிச்சுட்டிருந்தேன். உலகப் போட்டியில மூணு தடவை ஜெயிச்ச தாமஸ் ஸ்னைடர் பேர்ல ஒரு முறை இருக்கு (அதுல ஒரு தடவை 2008-ல நம்ம கோவாவுலயே நடந்தது). ஒரு பெட்டிக்குள்ள ஒரு எண் ரெண்டே ரெண்டு கட்டத்துலதான் வர முடியும்னா மட்டும், அந்த ரெண்டு கட்டத்து மூலையில பொடியா எழுதுங்க. மூணு இடம் வந்தா எழுதாதீங்க. பேப்பர் சுத்தமா இருக்கும். ரெண்டு கட்டத்துல ஒரே ரெண்டு எண் வந்து உக்காந்தா, ரவுண்டானா சொன்ன ஜோடி தானா கண்ணுல படும்.

ரவுண்டானா:
தெரியும், நானும் போட்டுப் பார்த்திருக்கேன். புதுசா வர்றவங்களுக்கு அதுல ஒரு கண்ணி இருக்கு. ஒரு பெட்டியில 6 எழுதலைன்னா, மூணு இடம் வருதுன்னு விட்டதா, இல்ல 6-ஐப் பார்க்கவே மறந்ததா? அரை மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா உங்களுக்கே தெரியாது. முழு நோட்ஸ்ல அந்தச் சந்தேகமே கிடையாது.

ஓரக்கட்டம்:
1-லேர்ந்து 9 வரைக்கும் வரிசையாப் போனா மறக்காது. நீங்க நடுவுல தாவியிருப்பீங்க.

ரவுண்டானா:
தாவத்தான் செய்வாங்க. மீடியம் போடறவங்க எல்லாம் தாவறவங்கதான்.

பென்சில்_பரமு:
ஓரக்கட்டம் சொன்னதுல பாதியை ஏத்துக்கிறேன், கையால எழுதறதா இருந்தா மட்டும். பட்டன் அமுக்கி வர்ற நோட்ஸ்ல எதை ஏன் நீக்கினோம்னு உங்களுக்கே தெரியாது. ஒவ்வொண்ணா நீங்களே எழுதினா ஒவ்வொண்ணுக்கும் காரணம் தெரியும். நான் நாப்பது வருஷம் கணக்கு வாத்தியார். விடையைப் பார்த்து எழுதின பசங்களையும் போட்டுப் பார்த்து எழுதின பசங்களையும் நோட்டைப் பார்த்தே சொல்லிடுவேன்.

ரவுண்டானா:
அதைச் சொல்லுங்க, நான் எதிர்க்கல. நான் சண்டை போடறது பட்டனுக்காக இல்ல சார், நோட்ஸுக்காக.

புதுக்கட்டம்:
எல்லாருக்கும் நன்றி. தம்பிதான் சார். பட்டனை அணைச்சுட்டு, கட்டத்தைப் பேப்பர்ல வரைஞ்சு உக்காந்தேன். பரமு சார் சொன்ன 3, 1. ரவுண்டானா அண்ணன் சொன்ன நடு 8. அப்புறம் மளமளன்னு போச்சு. கீழ் இடப்பெட்டியில மட்டும் மூளை நின்னு போய், ஓரக்கட்டம் சொன்ன மாதிரி மூலையில பொடியா எழுதினேன். மொத்தம் நாப்பத்தஞ்சு நிமிஷம்.

முடிச்சுட்டு சரிபார்த்தா ஏழாவது வரிசையில ரெண்டு 2. கடைசிக் கட்டத்துல ஒரு 2, மூணாவதுல ஒரு 2.

ஓரக்கட்டம்:
மூணாவதுல 4 வரணும். பொடியா எழுதின 2-ஐ அழிக்காம விட்டு, அதையே விடைன்னு எடுத்திருப்பீங்க.

புதுக்கட்டம்:
அதேதான் 🤦 அழிச்சு அழிச்சு அந்த இடத்துல பேப்பரே ஓட்டை. நல்ல ரப்பர் வாங்கணும்.

மயிலை_மாமி:
இதுக்குத்தான் பேனா.