கூட்டுக்குத் தலை வேண்டாம், அடி போதும்

அன்புடையீர், வணக்கம்.

சுட்டபின் மிஞ்சும் ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தேர்ந்து மறுபடி நிரப்பும் வேலைக்கான ஆங்கிலம்-தமிழ்ச் சொற்பட்டியலைப் படித்தேன். 'கேஸ்' என்பதற்குக் 'கூடு' என்றிருப்பதை ஏற்கிறேன். செய்தித்தாள்கள் எழுதும் 'உறை' வாளுறை, தலையணையுறை போலக் கழற்றி மாட்டுவதை நினைவூட்டுகிறது. 'வெற்றுத் தோட்டா' என்றாலோ, குண்டில்லாமல் ஓசைக்காகச் சுடுவதோடு குழம்பும். ஆனால் 'கேஸ் ஹெட்' என்பதைக் 'கூட்டுத்தலை' ஆக்கியிருப்பதை மாற்றியே ஆக வேண்டும்.

காரைக்குடிப் பாத்திரக்கடையில் குடம் வாங்கும் எவரும் வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்றுதான் தடவிப் பார்ப்பார்கள். ரைபிள் கூட்டுக்கும் இதே உருவந்தான்: குண்டைக் கவ்வும் வாயும் கழுத்தும், சரிவான தோள், வெடிமருந்து நிறையும் வயிறு, அம்மருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டி பதியும் அடி. அந்த அடியை ஆங்கிலத்தார் ஏனோ தலை என்கிறார்கள். நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்வது வெறும் அழகுக்குறை அன்று, ஆபத்தும் கூட.

காரணத்தைச் சொல்கிறேன். இந்தப் பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. கன்னார் தட்டத் தட்டத் தகடு இறுகுவதைப் போலவே, ஒவ்வொரு முறை சுட்டு, விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போதும் கூட்டின் கழுத்து இறுகிக்கொண்டே போய், கடைசியில் பிளந்துவிடும். ஆகவே கழுத்தையும் தோளையும் மட்டும் சூடேற்றி இளக்குவார்கள். அடியோ கடினமாகவே இருக்க வேண்டும், ஏனெனில் .30-06 என்னும் வகை ரைபிள் தோட்டாவில் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை எழும் அழுத்தத்தை அதுதான் தாங்குகிறது. 'தலையை இளக்கக் கூடாது' என்று மொழிபெயர்த்தால், குண்டிருக்கும் மேல்முனையைத் தலையென்று எண்ணும் தமிழ் வாசகர் அடியைத் தீயில் காட்டிவிடுவார். 'அனீலிங்' என்பதற்கு 'இளக்கல்' போதும். தரமான சில கூடுகளின் கழுத்தில் தெரியும் நீலம் பாய்ந்த நிறத்தை 'இளக்கற்கறை' எனலாம். சிலர் அதை மெருகிட்டு நீக்கி விற்பதால், கறை இல்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது 'சீசன் கிராக்கிங்'. பட்டியலில் 'பருவ வெடிப்பு' என்றிருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள் தாமாகக் கீறி வெடித்ததால் வந்த பெயர் அது. வெடிக்கச் செய்தது மழையன்று. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள். எங்கள் அப்பத்தா சீராகக் கொண்டுவந்த குடமொன்று, மாட்டுக்கொட்டிலை ஒட்டிய பின்கட்டில் நெடுநாள் கிடந்து, தோளிலிருந்து வாய்வரை மயிரிழை போலக் கீறியிருந்தது. யார் கீழே போட்டது என்று வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. கொட்டிலைத்தான் விசாரித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எனவே 'உள்ளிறுக்க வெடிப்பு' என்று முன்மொழிகிறேன். இந்த இறுக்கத்துக்கு ('ஸ்ட்ரெஸ்') பாடநூல்கள் தரும் 'தகைவு' பிழையன்று எனினும், பட்டறைக்காரருக்கு 'இறுக்கம்' உடனே பிடிபடும். அம்மோனியா கலந்த மெருகுநீரால் கூட்டைத் துலக்காதே என்ற எச்சரிக்கைக்கும் இப்பெயர் பொருந்தி நிற்கும்.

எரியூட்டியின் தீ மருந்துக்குப் பாய அடியில் இருக்கும் துளையான 'ஃபிளாஷ் ஹோல்' என்பதற்குத் 'தீத்துளை' நன்று. துளை நடுவில் இருக்கிறதா, துளையிட்டபோது மிஞ்சிய உலோக முனையாகிய 'பர்' உட்பக்கம் நிற்கிறதா என்று விளக்கொளியில் பார்த்துத்தான் கூட்டைத் தேர்கிறார்கள். அந்தப் 'பர்'ருக்குப் பட்டியலில் 'விளிம்பெச்சம்' என்று கண்டேன். பட்டறையில் அதைப் பிசிறு என்பார்கள்.