லூஃபி பாதியில் விட்ட அந்த வாக்கியம்

மெர்ரிநேசன்
ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் கடற்கொள்ளையர் அனிமே பற்றி நேற்று வேறொரு திரியில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஒன் பீஸ் நட்பைப் பற்றிய தொடர் என்பதெல்லாம் சும்மா. உசோப்பைக் கெஞ்சவிட்டபோதே அந்த நட்பு செத்துவிட்டது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வாட்டர் செவன் என்ற கப்பல் கட்டும் நகரில், குழுவின் மெர்ரி கப்பலின் ஏரா (அடிமரம்) போய்விட்டது, இனிச் சரிசெய்ய முடியாது என்று கப்பல் தச்சர்கள் கைவிரித்தார்கள். புதுக் கப்பல் வாங்கலாம் என்று கேப்டன் லூஃபி முடிவெடுத்தான். குழுவில் ஒருவனான உசோப் சண்டை போட்டுக் குழுவை விட்டுப் போனான், பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தான். இதில் எங்கே செத்தது நட்பு?

கறுப்புமுகமூடி
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். உசோப் தானாகப் போகவில்லை. "என் முடிவு பிடிக்காவிட்டால் நீ இப்போதே..." என்று ஆரம்பித்தது யார்? குழுவின் சமையல்காரன் சாஞ்சி எட்டி உதைத்ததால்தான் லூஃபி வாயை மூடினான். அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றுவாள்
முடிக்காத வாக்கியத்துக்குத் தண்டனையா? அடுத்த நொடியே லூஃபி மன்னிப்புக் கேட்டானே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அன்றிரவு சண்டைக்கு அழைத்தது உசோப். வாங்கிய அடியைத் திருப்பி வெளிவிடும் இம்பாக்ட் டயலை நண்பன் மேலேயே பிரயோகித்ததும் உசோப்.

கறுப்புமுகமூடி
அந்த டயலால் அடித்தால் தன் கையும் நொறுங்கும் என்று தெரிந்தே அடித்தான். ஊரில் அவன் தோழி கயா கொடுத்த கப்பல் மெர்ரி. ஸ்கைபியா என்ற வான்தீவில் நள்ளிரவில் யாரோ மெர்ரியைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவனிடம் போய் "நீ இப்போதே..." என்றால்?

மெர்ரிநேசன்
சண்டை முடிந்ததும் லூஃபி தொப்பியை இழுத்துவிட்டு, அழுதபடி "கனமாக இருக்கிறது" என்றானே. அப்படி அழுகிறவனா துரத்திவிட்டவன்?

கறுப்புமுகமூடி
அழுதால் சொன்னது இல்லையென்று ஆகிவிடுமா? குழுவில் இல்லாதபோதும் முகமூடி போட்டுக்கொண்டு பிடிபட்ட குழுத்தோழி ராபினைக் காப்பாற்ற, உலக அரசின் நீதித் தீவான எனிஸ் லாபிக்கு வந்தவன் உசோப். லூஃபி சொன்னான் என்பதற்காக உலக அரசின் கொடியையே எரித்தான். அது போதாதா? அதற்குப் பிறகும் "அவன் முதலில் மன்னிப்புக் கேட்காவிட்டால் நான் கப்பலைவிட்டு இறங்கிவிடுவேன்" என்று குழுவின் வாள்வீரன் ஸோரோ மிரட்டினான்.

மூன்றுவாள்
மிரட்டல் இல்லை. கேப்டனுக்கு மரியாதை இல்லாத குழு கடலில் நிலைக்காது என்றான். ஸோரோ சொன்னதுதான் சரி, நூறு தடவை சொல்வேன்.

புதுப்பயணி
நண்பர்களே, நான் இப்போதுதான் 236ஆவது எபிசோடு பார்த்து முடித்தேன். கொடியை எரிப்பது, மன்னிப்பு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டீர்களே! தலைப்பிலாவது ஒரு எச்சரிக்கை போட்டிருக்கலாம்.

மூன்றுவாள்
தம்பி, இது வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. திரிக்குள் வந்தது உங்கள் தவறு.

மெர்ரிநேசன்
புதிதாக வந்தவரிடம் இப்படியா பேசுவது? போன மாசம் நாருட்டோ என்ற இன்னொரு அனிமேயின் திரியிலும் இதே வேலைதான். "சாசுகே யாரிடமும் மன்னிப்பே கேட்டதில்லை" என்று அடித்துப் பேசினீர்கள்.

மூன்றுவாள்
கேட்டானா?

மெர்ரிநேசன்
கேட்டான். கடைசிச் சண்டையில் ஒரு கை போய்த் தரையில் கிடந்தபடி தன் பழைய குழுத்தோழி சகுராவிடம் கேட்டான். அன்றைக்கே எழுதினேன், நீங்கள் பதிலே போடவில்லை.

மூன்றுவாள்
அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது. நாருட்டோவை இங்கே இழுக்காதீர்கள்.

கறுப்புமுகமூடி
இரண்டு பேரும் நழுவாதீர்கள். வாக்கியத்துக்கு வாருங்கள். "நீ இப்போதே..." பிறகு என்ன? "நீ இப்போதே சாப்பிடு" என்றா சொல்ல வந்தான்? கடைசியில் புதுக் கப்பல் கிளம்பும்போது உசோப் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறான். துரத்தி வந்த கடற்படைக்காரர் கார்ப் பீரங்கிக் குண்டுகளை எறிந்துகொண்டிருக்கிறார். கப்பலில் இருப்பவர்கள் காதில் விழாததுபோல் நிற்கிறார்கள். பலவீனமானவன் ஒருவன், தன்னையும் மெர்ரிபோல விட்டுவிடுவார்கள் என்று பயந்தவன், கடைசியில் அந்தப் பயம் நிஜமாகிற மாதிரி கப்பல் நகர்வதைப் பார்க்கிறான். எனக்கு இன்றும் அந்தக் காட்சியைப் பார்க்க முடிவதில்லை.

மெர்ரிநேசன்
"மன்னிச்சிடுங்க" என்று அவன் அழுததும் லூஃபியின் கை நீண்டு வந்ததே, அதைப் பார்த்தீர்களா?

கறுப்புமுகமூடி
பார்த்தேன். அழுத பிறகுதான் நீண்டது.

மூன்றுவாள்
கூப்பிட்டதும் கை நீட்டியிருந்தால் அவன் வாழ்நாள் முழுக்க அந்தக் கப்பலில் தலைகுனிந்தே இருந்திருப்பான். இது புரியாதவரிடம் எனக்குப் பேச்சில்லை.

கறுப்புமுகமூடி
பேச்சில்லை என்று சொல்லித் தப்பிக்கிறீர்கள். முதலில் அந்த வாக்கியத்தை முடித்துக் காட்டுங்கள்.